அனுப்ப வல்லார், அழைத்து வர வல்லார்

இதைக் கையில் எடுத்திருக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் வணக்கம். நான் கதவு, நிலை, சன்னல் செய்து பிழைத்த ஆசாரி. பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டது. நான் படிப்பை விடவில்லை. வேலை இல்லாத நாள்களில் காரைக்குடி நூலகத்தில் உட்கார்ந்து படித்ததே என் எழுத்துக்கு மூலதனம். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நான் எழுதப் புகுவது எங்கள் வட்டாரத்துப் பட்டிமன்றங்களுக்கெல்லாம் நடுவராக வீற்றிருந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதாமல் விடுவதில் குறையும் இல்லை. ஊரில் அவர் பெயரைச் சொன்னவர் எவரும் இலர். எல்லாருக்கும் அவர் நடுவர். அவருடைய மனைவியார்கூட, "நடுவர் இப்பத்தேன் சாப்பிட்டு எந்திரிச்சாரு" என்றுதான் வந்தவர்களிடம் சொல்லுவார்.

காரைக்குடியில் அவருக்கு ஓர் இரும்புக்கடை இருந்தது. ஆணி, கீல், தாழ்ப்பாள், கம்பி வாங்க நான் போவேன். கடையில் அவரைப் போல் இனிமையாகப் பேசும் மனிதரைக் காண்பது அரிது. வந்தவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வீட்டில் யாருக்கு உடல் நலமில்லை என்பதை நினைவில் வைத்து விசாரிப்பார். அந்த நினைவாற்றலை ஊரார் அன்பு என்று எண்ணினர். நானும் வெகுகாலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஒருநாள் கீலின் தரம் குறித்து நான் வாதாடிக்கொண்டிருந்தபோது, என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆசாரி, உம்ம நாக்கும் உளி மாதிரித்தேன் இருக்கு. மேடைக்கு வாரீகளா?" என்று கேட்டார். அப்படித்தான் நான் பேச்சாளன் ஆனேன். அதன்பின் பள்ளத்தூரிலும் ஒக்கூரிலும் கீழச்சிவல்பட்டியிலும் திருவிழாதோறும் அவருடைய மேடையில் ஒரு நாற்காலி எனக்கு உண்டு.

மற்ற நடுவர்கள் நேரம் முடிந்தால் மணியடிப்பார்கள். இவர் மணி வைத்துக்கொள்வதில்லை. தம் கடையிலிருந்து ஒரு பித்தளைத் தூக்குக்குண்டைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்திருப்பார். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடுவாரே, அந்தக் குண்டு. பேசுகிறவர் சற்றே தடுமாறினாலும், மிகைப்படுத்தினாலும், இவர் ஒரு சொல்லும் சொல்லாமல் நூலைப் பிடித்து அதை மெல்லத் தூக்குவார். குண்டு ஆடி ஆடி நிற்கும். அது நிற்கும் வரை கூட்டம் சிரிக்கும். பேசியவர் எந்த இடத்தில் கோணினார் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

அவர் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "ஆணின்னா இறங்கணும். இறங்கலைன்னா அது வெறும் கம்பி." தீர்ப்பையும் அவர் அப்படியே கருதினார். எவருக்கும் வலிக்காத தீர்ப்பு, தீர்ப்பு ஆகாது என்பது அவருடைய கொள்கை. இரு தரப்பும் நன்றே பேசினர் என்று முடிக்கும் நடுவர்களை அவர் மிகவும் இகழ்வார். பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு பாயசம் ஊற்றுகிறவனுக்கும் அவர்களுக்கும் வேற்றுமை என்ன என்று கேட்பார்.

ஆயினும் அவருடைய திறம் தீர்ப்பில் அன்று. அணி பிரிப்பதில் இருந்தது. பேச்சாளருக்குத் தலைப்பு முன்கூட்டியே தெரியும். எந்த அணி என்பது மேடை ஏறும்வரை தெரியாது. ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில், இவர் ஒவ்வொருவராக அழைத்து, காதருகில் குனிந்து, அவரவர் அணியைச் சொல்லுவார். எவருக்கு எங்கே புண் இருக்கிறதோ, அவருடைய விரலையே அதன்மேல் வைத்துப் பேசச் செய்வதே அவருடைய முறை.

பள்ளத்தூரில் அண்ணன் தம்பி இருவர், பாகம் பிரித்துக்கொண்டு, முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பியிருந்தனர். வளவு எனப்படும் அம்முற்றத்தின் ஒரு தூண் சுவருக்குள் புதைந்து, பாதி இங்குட்டும் பாதி அங்குட்டுமாக நிற்கும். அவ்வாண்டுத் தலைப்பு, கூட்டுக் குடும்பமா தனிக்குடித்தனமா என்பது. சுவர் எழுப்பிய தம்பியிடம் கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுமாறு சொன்னார். அவர் பாவம், ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல் என்றெல்லாம் வியர்வை வழியப் பேசினார். நடுவர் தூக்குக்குண்டைத் தூக்கிப் பிடித்து, "சுவரு நேராத்தேன் இருக்கு, பேச்சுத்தேன் சாயுது" என்றார். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அண்ணனும் கூட்டத்தில் இருந்தார். அவரும் சிரித்தார். அதன்பின் அவ்விருவரும் ஒருவர் வீட்டுச் சாவுக்கும் மற்றவர் போகவில்லை.

இதைப் படிக்கும் தாங்கள், இத்தகையவரை ஏன் அழைத்தார்கள் என்று கேட்கலாம். இத்தகையவர் என்பதனாலேயே அழைத்தார்கள். அவர் வரும் மேடைக்கு முன் பாயும் தலையணையுமாக இடம் பிடிப்பார்கள். இன்று யாருக்கு இறங்கும் என்பதே பேச்சாக இருக்கும். தம் பெயர் வாராத வரையில் எல்லாரும் அவரை நேசித்தனர்.

அவருக்கு ஒரே மகன். அவன் பள்ளியில் படித்தபோது பேச்சுப் போட்டி ஒன்று நடந்தது, தந்தையே நடுவர். மகன் நன்றாகவே பேசினான் என்பது நான் அங்கிருந்து கேட்டறிந்த உண்மை. நடுவர் எழுந்து, "மனப்பாடம் செய்ததை வாந்தி எடுப்பவனுக்குப் பரிசு கிடையாது, அவன் என் மகனாக இருப்பதால் ஆறுதலும் கிடையாது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அம்மகன் வளர்ந்து, பொறியியல் படித்து, கனடா நாட்டிற்குப் போனான். விமான நிலையத்திற்கு வழியனுப்பப் போன வண்டியில் நானும் இருந்தேன். தந்தையும் மகனும் காரைக்குடியிலிருந்து திருச்சி வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இனி, நான் இதை எழுதக் காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நம் நாட்டுக் கலம் சந்திரனில் தரையிறங்கியதை அடுத்து வந்த பங்குனித் திருவிழா அது. கீழச்சிவல்பட்டியில் விழாக்குழுவினர் மாமியார் மருமகள் தலைப்புகளால் சலித்துப்போய், புதுமையாக ஒன்று வேண்டும் என்றனர். வேற்றுக் கோளுக்கு மனிதரை அனுப்ப வல்ல நாடு எது என்பதே தலைப்பு என்று முடிவாயிற்று. டீக்கடையில் அதைப் பற்றி எழுந்த தர்க்கத்தைக் கேட்டவர்கள், அடுத்த வாரமே செவ்வாய்க்கு மினி பஸ் புறப்படுகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அவ்வூரில் ஓர் அறிவியல் ஆசிரியை இருந்தார். பள்ளத்தூரில் தனியார் பள்ளியொன்றில் பணி. வேளாண் குடும்பம். எங்கள் மேடையில் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு. கத்த மாட்டார், கவிதை ஒப்பிக்க மாட்டார், சொல்ல வந்ததைப் பிசிறின்றிச் சொல்லுவார். அவருடைய கணவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர். போன சில ஆண்டுகளில் அங்கே வேறொரு பெண்ணோடு குடும்பம் ஆகிவிட்டார். இது ஊரில் அனைவருக்கும் தெரியும். அனைவருக்கும் தெரியும் என்பது ஆசிரியைக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, சம்பந்தப்பட்டவர் தாமாக வாய் திறக்கும்வரை, "வீட்டுக்காரர் சவுக்கியமா?" என்று கேட்பதும், "சவுக்கியம்" என்று அவர் சொல்வதுமாகவே நாளைக் கடத்துவோம். அந்த மரியாதையின் மேலேதான் அவர் தலைநிமிர்ந்து நடந்தார்.

அவருடைய மகளுக்கு ஒக்கூரிலிருந்து நல்ல வரன் வந்திருந்தது. திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை பெண்ணுக்குப் பூ வைத்து உறுதி செய்வதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் தந்தை பட்டிமன்றப் பித்தர். சம்பந்தி அம்மாளின் பேச்சைக் கேட்பதற்கென்றே குடும்பத்தோடு திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பெண்ணின் தந்தை மலேசியாவில் இருக்கிறார் என்பது மட்டுமே அவர்கள் அறிந்தது.

நடுவரை முறைப்படி அழைக்க விழாக்குழு ஆசிரியையையும் என்னையும் அனுப்பியது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். எங்கள் ஊர்களில் தாம்பூலத்தைக் கையால் வாங்கிவிட்டால் சொல்லை வாங்கிக்கொண்டதாகப் பொருள். பத்திரம் எழுதினாலும் மாறுவார்கள், தாம்பூலம் வாங்கினால் மாற மாட்டார்கள்.

நடுவர் அப்போது ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களை உட்கார வைத்தார். ஆசிரியை திருவிழாவுக்கு அழைத்தார். பிறகு, தட்டை நீட்டும் முன், குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்றும் கேட்டார்.

"ஐயா, அன்னைக்கு ஒக்கூர்க்காரவுக முன்னாடி உக்காந்திருப்பாக. எங்க வீட்டுக்காரரு பேச்சை மட்டும் எடுத்துறாதீக. மறைக்கணும்னு சொல்லல. பூ வைக்கிறதுக்கு முந்தின நாளு நானே மாப்பிள்ளையோட அம்மாகிட்ட தனியாச் சொல்லிர்றதா இருக்கேன். என் வாயால சொன்னாத்தேன் அது மரியாதையா இருக்கும்."

நடுவர் தராசுத் தட்டில் இரண்டு ஆணியைக் கூட்டிப் போட்டார். முள் நேராக நின்றது.

"மேடைக்கு வெளியில நான் யாரையும் ஒண்ணும் சொன்னதில்ல டீச்சரம்மா" என்றார்.

"தெரியும் ஐயா. அதுனாலதேன் உங்ககிட்டயே வந்தேன்."

அவர் எழுந்தார்; தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, இரு கைகளாலும் தாம்பூலத்தை வாங்கினார். ஆசிரியையின் முகம் அப்போது தெளிந்ததை நான் பார்த்தேன். திரும்பி வரும் பேருந்தில், மகளுக்கு எந்த நிறத்தில் புடவை எடுக்கலாம் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

விழா நாளும் வந்தது. கூட்டம் கோயில் மதிலைத் தாண்டியும் நின்றது. முதல் வரிசையில் ஒக்கூர்க் குடும்பம்: மாப்பிள்ளையின் தந்தை தொடையில் தாளம் போட்டபடி, அருகில் அவர் மனைவி, பின் வரிசையில் ஆசிரியையின் மகள், தலை நிறையப் பூவோடு.

நடுவர் ஒவ்வொருவராக அழைத்து அணி சொன்னார். அமெரிக்க அணி, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவருக்கு. அவருக்கு அந்நாட்டு விசா மறுக்கப்பட்டு, அங்கே பிறந்த பேத்தியை அவர் கைப்பேசியில் அன்றிக் கண்டதில்லை. சீன அணி, பித்தளை விளக்குக் கடைக்காரர் ஒருவருக்கு. சீனத்து மின்விளக்குகள் வந்து அவர் கடையைப் பாதியாக்கியிருந்தன. என்னிடம் குனிந்து, "ரஷ்யா" என்றார். ஏன் என்று புரியவில்லை, பின்னர் புரிந்தது. ஆசிரியைக்கு இந்தியா. அவர் மகிழ்ந்தே போனார். ஊரே கைதட்டும் அணி அல்லவா!

வங்கிக்காரர் தொடங்கினார். சந்திரனில் மனிதரை இறக்கி, மீட்டும் கொண்டு வந்த நாடு இவ்வுலகில் ஒன்றே ஒன்றுதான். அவ்வழியில் செல்வோருக்குச் செவ்வாயும் தூரமில்லை என்றார். நன்றாகவே பேசினார். "அந்த நாடு மனம் வைத்தால் யாரையும் எங்கும் அனுப்பும்" என்று முடித்தார். நடுவர், "அனுப்பும், அனுப்பும். உங்களை உள்ள விடத்தேன் யோசிக்குது" என்றார். விளக்குக் கடைக்காரர், சீனர் வானில் தமக்கென ஒரு நிலையமே கட்டி ஆள்மாற்றி ஆள் குடியிருத்தி வருவதைச் சொன்னார். "அவுக விளக்கு வீட்டுக்கு வீடு எரியுதுல்ல, வானத்துல எரியாதா?" என்றார் நடுவர். கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

என் முறை வந்தது. முதன்முதலில் மனிதனை விண்ணுக்கு ஏற்றியதும், வெள்ளிக் கோளின் தரையில் முதலில் கலத்தை இறக்கியதும் சோவியத்து ரஷ்யாவே என்று எடுத்துரைத்தேன். நடுவர் குண்டைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாருக்கும் முந்தி எந்திரிச்சு, கடைசிப் பந்தியில உக்காந்த நாடு. நம்ம ஆசாரியும் அப்படித்தேன். ஊர்ல அத்தனை புத்தகத்தையும் முதல்ல படிச்சவரு. எட்டாவதுலயே நிக்கிறாரு." எனக்கு ஏன் ரஷ்யா என்று அப்போது விளங்கிற்று. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் ஆழமாக இறங்கும் என்பது மேடை ஏறியவர்கள் அறிந்தது.

ஆசிரியை எழுந்தார். அன்று போல் அவர் பேசி நான் கேட்டதில்லை. செவ்வாய்க்குப் போகவே பல மாதம். போனதும் திரும்ப முடியாது, இரண்டு கோள்களும் மீண்டும் வாகாக வந்து சேரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். பிறகு அம்மண்ணின் ஈர்ப்பை மீறி மேலெழ வேண்டும். அதற்கு வேண்டிய எரிபொருளை இங்கிருந்து சுமந்து போவது எங்ஙனம் என்பதற்கே இன்னும் எவரிடமும் முழு விடை இல்லை என்றார். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒரு தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் கையில் வைத்துச் சுற்றிக் காட்டினார். "இயந்திரத்தை அனுப்பலாம், அது அங்கேயே கிடக்கும். மனிதரை அனுப்புவதென்றால் அது வேறு. அனுப்புவது பெரிதன்று; அழைத்து வருவதே பெரிது. ஆள் ஏறும் கலம் பறக்கும் முன்னமே, ஆள் தப்பும் வழியைச் சோதித்துப் பார்க்கும் நாடு நம் நாடு. ஆகவே, தாமதமாகச் சென்றாலும், வல்லமை நமதே" என்று முடித்தார்.

மாப்பிள்ளையின் தந்தை எழுந்து நின்று கைதட்டினார். மனைவியின் பக்கம் திரும்பிப் பெருமையோடு ஏதோ சொன்னார். அந்த அம்மாளும் தலையசைத்தார்.

நடுவர் தீர்ப்புக்கு எழுந்தார். முதலில் முறையாகவே பேசினார். தம் சொந்தக் கலத்தில் மனிதரை விண்ணுக்கு ஏற்றியவை இதுவரை மூன்றே நாடுகள். அவற்றுள் சந்திரனைத் தொட்டது ஒன்று. வேற்றுக் கோளுக்கு எவரையும் அனுப்பிய நாடு இன்று வரை இல்லை. ஆதலால் இத்தலைப்புக்கு இன்றைய விடை 'எதுவும் இல்லை' என்பதே என்றார். அதுவரை அது நேர்மையான தீர்ப்பு. அங்கேயே அவர் உட்கார்ந்திருக்கலாம்.

பின்பு மைக்கைச் சற்று அருகில் இழுத்துக்கொண்டார்.

"ஆனா டீச்சரம்மா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அனுப்புறது பெரிசில்ல, அழைச்சுட்டு வாரதுதேன் பெரிசு. புஸ்தகத்துல படிச்சுச் சொல்லல, அனுபவம் பேசுது. அவுக வீட்டுக்காரரை இங்கயிருந்து மலேசியாவுக்கு நல்லாத்தேன் ஏவுனாக. அவரும் பத்திரமாத் தரை இறங்குனாரு. இறங்கி, அங்குட்டே குடியேறி, வம்சமும் விருத்தி பண்ணிட்டாரு. இங்குட்டுச் சிக்னல் மட்டும் வரல."

கூட்டம் சிரித்தது. மூடி வைத்த ஒன்றை வேறொருவர் திறந்தால், அதுகாறும் காத்த மரியாதைக்கும் சேர்த்து வைத்துச் சிரிப்பார்கள் போலும், அத்தகைய சிரிப்பு. எல்லாருக்கும் முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் தந்தை. சொல் நயத்தில் மயங்கி, பொருள் புரியும் முன்பே தொடையில் ஓங்கித் தட்டிச் சிரித்துவிட்டார். பக்கத்தில் மனைவி சிரிக்காததைக் கண்டே அவருக்குப் பொருள் விளங்கிற்று.

ஆசிரியை எழவில்லை, அழவும் இல்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்தார். அது உருண்டது. உருளாதபடி மீண்டும் வைத்தார்.

கூட்டம் கலையும்போது ஒக்கூர்க்காரர் மேடையோரம் வந்து நடுவரின் கையைப் பற்றி, "தீர்ப்பு பிரமாதங்க" என்று சொல்லிவிட்டு, ஆசிரியையைப் பாராமல் போனார். மறுநாள் ஆள் வந்து, ஜாதகம் சரியில்லையாம் என்றான். வெள்ளிக்கிழமை யாரும் பூ வைக்கவில்லை. மகள் தன் தாயிடம் கேட்டது ஒன்றே என்று பின்னர் ஆசிரியை சொன்னார்: "ஒரு வருஷம் மேடை ஏறாம இருந்தா செத்தா போயிருப்ப?" அப்பெண் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போனாள். தீபாவளிக்கும் வருவதில்லை.

அதே வாரத்தில் ஆசிரியை கடைக்குப் போனார். நானும் உடன் போனேன். அவர் குரல் உயர்த்தவில்லை.

"தாம்பூலம் வாங்குனீகளே ஐயா" என்றார்.

நடுவர் முகத்தில் குற்ற உணர்வின் நிழல்கூட இல்லை. உண்மையாகவே வியந்தார் என்று இன்றும் நினைக்கிறேன். "வாங்குனேன். பட்டிமன்றத்துக்கு வாரேன்னு வாங்குனேன். வந்தேன். ஒரு தாம்பூலம் ஒரு பேச்சுக்குத்தேன் டீச்சரம்மா. நீங்க ரெண்டாவது பேச்சுக்கு ரெண்டாவது தட்டு கொண்டாரலியே" என்றார். பிறகு அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேனே, இப்போது எப்படி என்று விசாரித்தார்.

அவ்வாண்டு அவரை அழைக்க முன்னிலும் அதிக ஊர்கள் வந்தன. வந்தவர்கள், "அந்த மலேசியா மாதிரி ஒண்ணு நம்மூர்லயும் இருந்தா நல்லாயிருக்கும்" என்று கூசாமல் கேட்டனர். அவர் புன்னகையோடு, உங்கள் ஊரில் யார் யார் என்று விசாரித்துக்கொண்டார்.

பின்பு அவருக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிற்று, பேச்சு நின்றது. கடையில் ஒருவர் தாங்கிப் பிடித்து உட்கார வைப்பார். வருவோர் போவோரைக் கண்ணால் அளந்துகொண்டே இருப்பார். மகனுக்குத் தகவல் சொல்லப்பட்டது. அவன் வரவில்லை. மனைவியார் கைப்பேசியைக் கணவரின் காதில் வைத்து, மறுமுனையில் யாரும் பேசாமலேயே, மகன் பேசுவதாகப் பாவித்ததை நான் கண்டிருக்கிறேன். இறந்தபோதும் மகன் வந்து சேரவில்லை; தங்கை மகன் கொள்ளி வைத்தான்.

நடுவர் பேச்சிழந்த நாளிலிருந்து விழாக்குழுக்கள் தவித்தன. வேறு ஆளின்றி, ஆசிரியையையே நடுவராக இருக்கக் கேட்டனர். அவர் ஒத்துக்கொண்டது எனக்கு வியப்பே. மணி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். பேச்சாளர்கள் கேட்ட அணியையே கொடுத்தார். எவருக்கும் வலிக்காமல் தீர்ப்புச் சொன்னார். கூட்டம் கரைந்தது. "சப்புன்னு இருக்குப்பா, உப்பே இல்ல" என்று எழுந்து போனார்கள்.

நடுவரின் படத்திறப்புக்கு மகன் கனடாவிலிருந்து வந்தான். கூட்டத்துக்குத் தலைமை ஏற்க யாரை அழைப்பது என்ற பேச்சு வந்தபோது, இவ்வட்டாரத்தில் இப்போதைய நடுவர் டீச்சர்தானே என்று எல்லாரும் சொன்னார்கள். மகனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. தட்டில் தாம்பூலத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஆசிரியை வீட்டுக்குப் போனான்.

அழைத்து முடித்தவுடன் அவன் தயங்கினான். "அக்கா, ஒண்ணே ஒண்ணு. அவர் படுத்திருக்கையில நான் வரல. அதுக்குக் காரணம் இருக்கு. அன்னைக்கு அதை மட்டும் யாரும் பேசாமப் பாத்துக்கங்க. அம்மா முன்னாடி வேண்டாம்" என்றான்.

"நான் பேச மாட்டேன் தம்பி" என்றார் ஆசிரியை. இரு கைகளாலும் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார்.

படத்திறப்பு நடுவருடைய வீட்டு முற்றத்தில் நடந்தது. பந்தல் கொள்ளாத கூட்டம். துக்கத்துக்கு வந்தவர்களைப் போல் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆசிரியை இன்று என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க வந்தவர்கள். அவர்கள் பாய் விரித்திருந்த விதமே காட்டிக் கொடுத்தது. படத்துக்கு முன் சிறு மேசைமேல், தந்தையின் நினைவாக, மகன் அந்தப் பித்தளைத் தூக்குக்குண்டை வைத்திருந்தான்.

ஆசிரியை தலைமையுரையில் நடுவரைப் புகழ்ந்தார். நினைவாற்றலை, தமிழை, நேர்மையை எல்லாம் சொன்னார். குற்றமாக ஒரு சொல் இல்லை. கூட்டத்தில் இருமலும் கொட்டாவியும் எழுந்தன. எனக்கு நெஞ்சு லேசாயிற்று. பெருந்தன்மை என்பது இதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

பின்பு அவர் பேச்சாளர்களை வரிசையாக அழைத்தார். கடைசியில் மகனை அழைத்தார். அவன் நன்றியுரை எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்துக்கொண்டு எழுந்தான்.

"நன்றியைப் பிறகு சொல்லலாம் தம்பி" என்று ஒலிபெருக்கியில் மெல்லச் சொன்னார் ஆசிரியை. "தந்தையின் இறுதி நாள்களைப் பற்றி மகன் சொல்லக் கேட்பதே முறை. எப்படி இருந்தார், யாரைக் கேட்டார், கடைசியாக யாரைப் பார்த்தார் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். கேட்க அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள்."

அவன் மைக்கின் முன் நின்றான். தாளை மடித்தான், மீண்டும் பிரித்தான். "அப்பா..." என்றான். அதற்கு மேல் அவனிடம் ஒன்றுமில்லை. இருக்க வழியில்லை. முன்வரிசையில் அவன் தாயார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

ஆசிரியை கை நீட்டி, தூக்குக்குண்டின் நூலைப் பிடித்து, மெல்ல உயர்த்தினார்.

குண்டு ஆடியது. பழக்கத்தினால் கூட்டம் சிரிக்கத் தொடங்கிற்று. தொடங்கிய பின் நிறுத்த முடியவில்லை. அது ஆடி அடங்கி நேராக நிற்கும்வரை அந்தப் பிள்ளை அப்படியே நின்றான். ஆசிரியை படத்தையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. குண்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அவன் ஆசிரியையிடம் வந்து, "தாம்பூலம் வாங்குனீங்களே அக்கா" என்றான்.

"நான் பேசலையே தம்பி" என்றார் அவர்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் காதில், "மனுசன் போனாருன்னு எவஞ் சொன்னான் ஆசாரி? எங்கயும் போகல. உள்ளதேன் உக்காந்திருக்காரு" என்று சொல்லி நிறைவோடு நடந்தார். வரும் பங்குனிக்கு ஆசிரியையை அழைக்க அன்றைக்கே மூன்று ஊர்க்காரர்கள் தட்டோடு நின்றார்கள். அவர்களுள் ஒருவர் அந்த ஒக்கூர்க்காரர்.

ஐயா, அம்மா, நான் நடுவரைப் பற்றி எழுதத் தொடங்கி, எங்கே வந்து நிற்கிறேன் என்பதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். எது நேர், எது கோணல் என்று தீர்ப்புச் சொல்ல நான் நடுவன் அல்லேன். அவருடைய மேடையில் நாற்காலி இட்டு உட்கார்ந்து பார்த்தவன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறேன். இதைக் கிழித்துவிடாமல் எங்கேனும் எடுத்து வையுங்கள்.